ஆஸ்பத்திரி முழுக்கக் குண்டுப்பூனை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சௌக்கியம். நீங்களும் தெம்பாகத்தான் இருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இருந்த கோபத்திலேயே தெரிந்தது. என்னோடு இருக்கும் உங்கள் மகளுக்கு எப்படியும் வேலை போகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து கூட்டிப்போகிறேன், நம் மோட்டார் கடையில் உட்காரட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ காதும் மூக்கும் வைத்துச் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். தப்பு அவள்மேல் இல்லை.

உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். மோட்டார் ஒரு பெட்டியில் வரும். அதை எங்கே வைப்பது, எந்தக் குழாயோடு மாட்டுவது என்கிற விவரமும் திருகாணிகளும் தனிக் கட்டாக வரும். இவள் கம்பெனியிலும் அப்படித்தான். மென்பொருளை அடைத்த பெட்டிக்கு இமேஜ் என்று பேர், அதற்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கிடங்கு. அதை நிறுவும் கட்டுக்குப் பேக்கேஜ் என்று பேர், அதற்கு வேறு கிடங்கு. ரெண்டு வாசல், ரெண்டு காவல், ரெண்டு சாவி. பெட்டி இருக்கும் கிடங்கிலேயே இந்தப் பேக்கேஜையும் வைத்தால் என்ன என்று கேட்டு, ரெண்டையும் ஒன்றாக்கினவள் உங்கள் மகள். அத்தனை படித்தவர்கள் இருக்கும் இடத்தில் அவளுக்குத்தான் தோன்றியது. யார் பேத்தி?

இப்போது கேளுங்கள். கண் காட்டப் போயிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி டோக்கன் மெஷினில் ஓடுவது நம் பெண் அனுப்பும் சரக்குதான். சும்மா இருக்க முடியுமா, பக்கத்து நாற்காலி, எதிர் நாற்காலி, சக்கர நாற்காலி எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் மெஷின் எல்லாருக்கும் ஒரே பேரை அச்சடிக்க ஆரம்பித்தது. குண்டுப்பூனை, ஆண், வயது ஏழு. நர்ஸம்மா கதவைத் திறந்து, "குண்டுப்பூனை யாருங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட, கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "உங்க பேத்தி கைவண்ணமா இது?" என்றார். என் கண்ணை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவள் சாப்பிடாமல் திரைமுன் உட்கார்ந்திருக்கிறாள். பேக்கேஜுகளில் எது புதுசோ அதற்கு லேட்டஸ்ட் என்று ஒரு லேபிள் ஒட்டுவார்களாம். ஆஸ்பத்திரி மெஷின் அந்த லேபிளைத்தான் கேட்குமாம். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பிய்த்து, விளையாட்டுப் பேர் போட்ட சோதனைக் கட்டின்மேல் ஒட்டிவிட்டான். ஒவ்வொரு கட்டுக்கும் கைரேகை மாதிரி மாறாத முத்திரை ஒன்று இருக்கிறது, இனி மெஷின் அதைச் சொல்லித்தான் கேட்கும் என்று இவள்தான் சரிசெய்தாள். யாரடி ஒட்டினது என்று கேட்டேன். "விடு பாட்டி" என்று தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்க மனசில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை. ஆனால் திரையில் இவளோடு வேலை பார்க்கும் ஒரு தாடிக்காரன் இருந்தான். "யார் ஒட்டினாங்கங்கறத அப்புறம் பார்க்கலாம்" என்று அவன் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. திருட்டு முழி. சோம்பேறி. எங்கே எதை ஒட்டுகிறோம் என்று பார்க்கத் தெரியாத தண்டம். அவனை விட்டுவிட்டு மேனேஜர், ரெண்டு கிடங்கையும் ஒன்றாக்கினதால்தான் வினை என்று இவள்மேல் பாய்கிறார். கூரை ஒழுகினால் வாசற்படியை இடிக்கிற புத்தி. இவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று இன்றைக்கு மீட்டிங். அடுத்த அறையில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். எது நடந்தாலும் நீங்கள் வரக்கூடாது. ஊரான் செய்த தப்புக்கு என் பேத்தி மோட்டார் துடைக்க மாட்டாள்.

என் மகளுக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல், கடை பெருகி, கோபம் குறைந்து நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை

பின்குறிப்பு: மீட்டிங் முடிந்துவிட்டது. லேபிளை ஒட்டினது உங்கள் மகள்தான். யாரும் கேட்பதற்கு முன்னால், "நான்தான் சார் ஒட்டினேன், பார்க்காம ஒட்டிட்டேன்" என்று அவளே சொன்னது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. அப்புறம் கிடங்கு இப்படியே இருக்கட்டும், பொறுப்பும் அவளிடமே இருக்கட்டும் என்று அந்தத் தாடிக்காரத் தம்பிதான் எல்லாரிடமும் வாதாடி மேனேஜரைச் சம்மதிக்க வைத்தது. இவ்வளவையும் திரும்ப எழுத எனக்குக் கை வராது. ஆகவே அந்தத் தம்பியைத் திட்டியிருக்கும் இடத்திலெல்லாம் உங்கள் மகள் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். அப்படிப் படிக்கும்போது ரொம்பக் கடுமையாகத் தெரிந்தால் அந்த வார்த்தையை விட்டுவிடவும், குழந்தைதானே.