டீசல் டேங்கில் என் தோடு

சிம்பாங் ரெங்கம்,
புதன்கிழமை இரவு.

பெருமதிப்பிற்குரிய சுகுமாறன் மாமா அவர்களுக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அத்தையிடம்கூட வேண்டாம். அத்தை நல்லவர்தான். ஆனால் அத்தைக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் கோயில் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. படித்ததும் கிழித்து, உங்கள் பட்டறையில் கழிவு எண்ணெய் ஊற்றும் டின்னில் போட்டுவிடுங்கள்.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கு தம்போயில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். (சுகம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். நாங்கள் சுகம் என்று எழுதியது பொய்.)

என் ஃபோன் பரீட்சை முடியும்வரை அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அம்மாவின் ஃபோனில் அப்பா உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு பேச்சியம்மாள் அக்கா நாளை காலை ஃபேக்டரி பஸ்ஸில் வரும்போது உங்கள் பட்டறையில் கொடுப்பார். உறைக்குள் கோயில் திருநீறு இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் பிரிக்கமாட்டார்.

மாமா, நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். என் சடங்குக்கு நீங்கள் சீர் கொண்டுவந்தபோது போட்டுவிட்ட தோட்டில் ஒன்று அப்பாவின் டிராக்டருக்குள் விழுந்துவிட்டது. டீசல் டேங்குக்குள். அதனால்தான் டிராக்டர் ஓடமாட்டேன் என்கிறது.

அந்த டிராக்டரை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது பாதி துரு, பாதி கோழி எச்சம். டிராகன் பழத் தோட்டத்துச் சீனர் "எடுத்துக்கிட்டுப் போ" என்று கொடுத்ததிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. மே மாதம் ஃபேக்டரியில் ஆள் குறைத்த பிறகு அவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார் அல்லவா? டிராக்டர் வந்த மூன்றாம் நாள் விசிலடித்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து கேட்டார்கள். நாலு மாதம் துரு சுரண்டி, இஞ்சினைப் பிரித்துக் கழுவி, பச்சை பெயிண்ட் மூன்று தடவை அடித்தார். இரண்டாவது தடவை அடிக்கும்போதுதான் நீங்கள் வந்து, "மச்சான், எங்க வேணும்னாலும் அடிங்க, டேங்கு மூடிக்கு மட்டும் அடிக்காதீங்க"ன்னு சொன்னீங்க. அதற்கு அப்பா, "உன் பட்டறைல நீ மெக்கானிக், என் வீட்டுல நான் மெக்கானிக்"ன்னார். நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள். அன்று அம்மா வைத்த நண்டுக் குழம்பை நாங்கள் மூன்று நாள் சாப்பிட்டோம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பா கோயில் கூட்டத்துல எழுந்து நின்னு, இந்த வருஷம் அம்மன் ரதத்துக்கு லாரி வேண்டாம், என் டிராக்டர்தான் இழுக்கும்னு சொல்லிட்டாரு. திருவிழா இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா. தலைவர் மணியம் அங்கிள் எல்லார் முன்னாடியும், "கமலநாதா, நடுரோட்டுல நின்னுச்சுன்னா அம்மனை இறங்கித் தள்ளச் சொல்ல முடியாது லா"ன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு, ஆனா வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம்னுட்டாரு.

போன சனிக்கிழமை மூணாவது தடவை பெயிண்ட் அடிச்சிட்டு, அது காயறதுக்குள்ளேயே அப்பா டீசல் ஊத்துனாரு. டேங்கு சீட்டுக்குப் பின்னாடி, ரெண்டு மட்கார்டுக்கும் நடுவுல இருக்கு. நான் டார்ச் பிடிச்சுக் குனிஞ்சு நின்னேன். உள்ள வந்து கண்ணாடியைப் பார்த்தா இடது காதுல தோடு இல்ல! அன்னியிலிருந்து முடியை இழுத்து அந்தக் காதை மூடிக்கிட்டு அலையறேன். தலை வலிக்குதான்னு அம்மா தைலம் தேய்க்க வர்றாங்க, நான் ஓடறேன். கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நிக்கிறேனாம், ஸ்கூல்ல யாருடி அந்தப் பையன்னு நேத்து கேட்டாங்க. ஒரு பையனும் இல்ல மாமா, ஒரு தோடுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் விட்டோம். அப்பா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, கற்பூரம் காட்டி, பெருமையா ஏறி உக்காந்தாரு. டக் டக்னு அழகாத்தான் போச்சு. சரியா பத்து நிமிஷம். அப்புறம் இருமி இருமி நின்னுடுச்சு, அதுவும் மணியம் அங்கிள் வீட்டு கேட்டுக்கு நேரா. டீசல் இருக்கான்னு அப்பா மூடியைத் திறந்தாரு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம். டீசல் நிறைய இருந்துச்சு. மூடிட்டு முடுக்கினா உடனே ஓடுது! மறுபடி பத்து நிமிஷம், மறுபடி இருமல். தினமும் வீட்டுல இருந்து கிளம்பி, தினமும் அதே கேட்டுக்கிட்டதான் நிக்குது. "வண்டிக்குக்கூட என் வீடு தெரிஞ்சுபோச்சு, காப்பி போடச் சொல்லவா?"ன்னு இன்னிக்கு மணியம் அங்கிள் கேட்டாரு. இது அவரோட கண்ணுதான்னு அம்மா சொல்லி, மிளகாய் சுத்திப் போட்டு, ரதம் ஒழுங்கா போய் வந்தா அப்பா மொட்டை போடுவாருன்னு வேண்டிக்கிட்டாங்க. அப்பாகிட்ட இருக்கிறதே கொஞ்சம் முடி.

கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா. என் தோடு உள்ள உருண்டு உருண்டு குழாயை அடைக்குது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உருளுது போல. சொல்லிடலாம்னுதான் போறேன். ஆனா அப்பா லைட்டுகூடப் போடாம வெளியே அந்தச் சீட்டுல உக்காந்து, ஓடாத வண்டியோட ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. பார்த்தா வாய் வரல. ரதம் பாதியில நின்னா அவரு மறுபடியும் பேசறதை நிறுத்திடுவாரு. எனக்கு அதுதான் பயம். அடி வாங்கறதுக்குப் பயமே இல்ல, அப்பா என்னை அடிச்சதே இல்ல.

அதனால மாமா, சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு அப்பா மார்க்கெட்டுக்குப் போவாரு. நீங்க டேங்கைக் கழட்டற சாமானோட வாழை மரத்துப் பக்கமா வந்து, சத்தம் இல்லாம தோட்டை எடுத்துட்டு, அவரு திரும்பறதுக்குள்ள போயிடணும். நான் பின்கதவுல நின்னு பார்த்துக்கறேன். அம்மாவை எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள்

பி.கு.: மாமா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். சனிக்கிழமை வர வேண்டாம். சாமானும் வேண்டாம்.

தட்டியது அப்பா. ஒரு கையில் டேங்கு மூடி, இன்னொரு கையில் என் தோடு! தோடு பச்சை நிறத்தில் இருந்தது. அது டேங்குக்குள் விழவே இல்லை, மட்கார்டின் ஈர பெயிண்டில் விழுந்து ஒட்டியிருக்கிறது. அப்பா அதைத் துருக் கொப்புளம் என்று நினைத்து அந்த இடத்தில் மட்டும் மேலேயே கொஞ்சம் தொட்டுப் பூசிவிட்டார்.

"ஊசி மாதிரி ஏதாவது கிடைக்குமான்னு தேடினேன். இதுதான் கையில தட்டுப்பட்டுச்சு. சுரண்டி எடுத்து, இது காம்பாலதான் குத்தினேன்"ன்னார்.

"எதைப்பா குத்தினீங்க?"

மூடியைக் காட்டினார். அதன் நடுவில் கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. அது வழியாகத்தான் டேங்குக்குக் காற்றுப் போகுமாம், காற்றுப் போகாவிட்டால் டீசல் இறங்காதாம். மூன்று பூச்சு பெயிண்டில் அது அடைந்துபோயிருக்கிறது.

"மூடிக்கு அடிக்காதேன்னு ஒருத்தன் சொன்னான்," என்றார்.

"யாருப்பா?"

"யாரோ."

கணக்குப் புத்தகத்துக்கு அடியில் கடிதம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. தோட்டை என் கையில் வைத்துவிட்டு, "மாமாவுக்கா? ஞாயித்துக்கிழமை ரதத்துக்கு வரச் சொல்லு. அம்மா நண்டு வைப்பாங்கன்னு எழுது. மூடியைப் பத்தி மட்டும் எழுதாத," என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே போனார்.

ஆகவே உங்களுக்கும் அத்தைக்கும் அம்மன் துணை இருக்கட்டும், கட்டாயம் வாருங்கள். ஆனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சரியா மாமா? அப்பா இப்போதே மூடியை மட்டும் சுத்தமாகச் சுரண்டிவிட்டார். வண்டி முழுக்கப் பச்சை, மூடி மட்டும் வெறும் இரும்பு. ரோட்டு முனையிலிருந்தே தெரியும். நீங்கள் வந்ததும் அதைப் பார்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு காதிலும் தோடு போட்டிருக்கும்
லோஷினி.