எலுமிச்சை சாரும் அரிசிப் பானை வளையலும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப் பாதையில் எலுமிச்சை சாரைப் போல வாந்தி எடுத்தவர் இதற்கு முன்பும் இல்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. அடித்துச் சொல்வேன். அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனவன் நான்.

சமூகப்பணி படித்த எங்களைக் களப்பயிற்சிக்கு அனுப்புவது கல்லூரியில் அவர் பொறுப்பு. கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். மலை ஏறுவது வெள்ளிக்கிழமைதான் என்றாலும் திங்கட்கிழமையே மோந்து பார்க்கத் தொடங்கிவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

யாரை எங்கே அனுப்புவது என்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆசைப்பட்ட இடத்துக்கு ஒருவரையும் அனுப்பமாட்டார். வாய் ஓயாத ஒருத்தியை முதியோர் இல்லத்தில் போட்டார். அங்கே அவளுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. நாயைக் கண்டால் நடுங்குகிறவனை வீடு வீடாகக் கணக்கெடுக்க விட்டார். குளிர் ஆகாது என்று சொன்ன நான் நாகலூர் காப்பி எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

“எனக்கு ஆஸ்துமா மாதிரி வருதுங்க சார்.”

“மாதிரிதானே வருது கண்ணு? ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்க.”

பெரிய கூத்து என்னவென்றால், எங்களைப் பார்வையிட வாராவாரம் அவரே மலைக்கு வந்தாக வேண்டும். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மனிதருக்கு முகம் வெளுத்துவிடும். பழம், இஞ்சி, வெறும் வயிறு, எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அடிவாரத்திலிருந்து வாயை மூடாமல் பேசிக்கொண்டே வந்தால் வாந்தி வராது. நிறுத்தினால் வந்துவிடும்.

ஆனால் எதைப் பேசுவது? சினிமா பார்த்ததில்லை. கிரிக்கெட் தெரியாது. அரசியல் பேசினால் கண்டக்டரோடு தகராறு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாணவர்கள் கொண்டுவரும் கேஸ்கள்தான்.

இத்தனைக்கும், நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பதுதான் அவர் உயிரைக் கொடுத்து நடத்திய பாடம். “இதத் தாண்டி வரக்கூடாது கண்ணு” என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டுவார். பஸ்ஸிலும் அதைக் கடைப்பிடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். ஊர், வேலை, காதோரத்து மச்சம் எல்லாம் சொல்லிவிடுவார்.

என் கேஸ் சின்னராசு. எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். மனைவி பழனியம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார். பழனியம்மா கோபித்துக்கொண்டு மாரமங்கலத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் போய்க் கூப்பிடமாட்டேன் என்கிறார். பழனியம்மாவோ, கூப்பிடாமல் வரமாட்டேன் என்கிறார். படித்த முறையெல்லாம் பிரயோகித்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சாயத்து வைத்துப் பிரித்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரு சாயங்காலம் சின்னராசு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி. திருவிழாவுல அவளுக்குன்னு வளையல் வாங்கியாந்தனுங்க. குடுக்கறதுக்குள்ள ஊட்ட உட்டுப் போயிட்டாளுங்க. அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சுட்டேன். தெனமும் அரிசி அள்ளறப்ப கையில தட்டுப்படுது. நொம்ப சங்கட்டமா இருக்குதுங்க.”

சேலத்துக்குப் போயிருந்தபோது இதை எலுமிச்சை சாரிடம் மட்டும் சொன்னேன். மேற்பார்வையாளரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அது பயிற்சியின் விதி. அந்த வெள்ளிக்கிழமை அவரோடுதான் மலைக்குப் பஸ் ஏறினேன். முன் இருக்கைக்காரரைப் பிடித்துக்கொண்டு சார் ஆரம்பித்தார்.

“ஒரு ஆளுங்க. பேரு சொல்லமாட்டேன். நாகலூர் எஸ்டேட்டுல மொளகு பறிக்கறாரு. காதோரம் ஒரு மச்சம்...”

முழங்கையால் இடித்தேன். வளைவு வந்துகொண்டிருந்தது. கண்ணாலேயே என்னைக் கெஞ்சிவிட்டுத் தொடர்ந்தார்.

“பொண்டாட்டிக்கு வாங்குன வளையல அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சுக்கிட்டு, தெனமும் தொட்டுப் பாத்து உருகறாருங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏனுங்க சார், எந்தப் பானைங்க? பெருசா, சிறுசா?”

திரும்பிப் பார்த்தேன். மடியில் காய்கறிப் பையோடு பழனியம்மா!

எலுமிச்சை சார் பேச்சை நிறுத்தினார். பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவருடையது ஜன்னலோர இருக்கையாக இருந்தது என் நல்ல காலம்.

மாரமங்கலம் பஸ்ஸுக்கு ஏற்காட்டில் இறங்கியிருக்க வேண்டிய பழனியம்மா இறங்கவில்லை. “நாகலூருக்கு ஒண்ணு குடுங்க” என்று கண்டக்டரிடம் புது டிக்கெட் வாங்கினார். அன்று மத்தியானமே சின்னராசு வீட்டுச் சமையல்கட்டில் வளையல் சத்தம் கேட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சார் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

“அதான் சேந்துட்டாங்களே சார்!”

“சேந்தா ஆச்சா கண்ணு? அந்த ஆளு உன்ன நம்பிச் சொன்னாரு. நான் பஸ்ஸுக்கே ஒப்பிச்சுட்டு வந்திருக்கேன்.”

நேரே போய்ச் சின்னராசுவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். சின்னராசு எதற்கென்று புரியாமல் பதிலுக்கு அவரும் கும்பிட்டார்.

அதன் பிறகு பஸ்ஸில் சார் வாயைத் திறக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வருவார். “சும்மா ரோட்டப் பத்தியாவது பேசுங்க சார்” என்றேன். “ரோட்டுல ஆரம்பிச்சா ஆளுகள்ல போய்த்தான் முடியும்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. கேஸ் மட்டும் வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

பயிற்சி முடிந்து நான் மூட்டை கட்டிய அன்று என்னை அழைத்துப் போக வந்திருந்தார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சின்னராசுவும் பழனியம்மாவும் அதே பஸ்ஸில் ஏறி எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஏற்காட்டைத் தாண்டியதும் சார் துண்டை எடுத்தார். வளையல் குலுங்க ஒரு கை முன்னால் நீண்டது. அதில் ஒரு எலுமிச்சம்பழம்.

“எங்க கதையப் பேசிட்டு வாங்க சார்” என்றார் பழனியம்மா. “எங்களுதுதானுங்களே, நாங்களே பேசச் சொல்றோம்.”

சார் துண்டை விலக்கிச் சின்னராசுவைப் பார்த்தார். “உங்களுக்கும் சம்மதமுங்களா?”

“பேரையும் சேத்தே சொல்லுங்க சார்.”

அடிவாரம் வரை சொன்னார். அவர்கள் திருத்தத் திருத்த, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை கூடப் புதிதில்லை. ஆனாலும் மலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.