பன்னிரண்டு கையெழுத்தும் ஒரு மூச்சும்

ஒரு மனிதர் பேச்சு மூச்சில்லாமல் தரையில் கிடக்கும்போது, அவருடைய மனைவியிடம் "அக்கா, பேனை இருக்கோ?" என்று கேட்டவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஜெர்மனியில், எங்கள் வுப்பர்டால் நகரில் வேறு யாரிடம் கேட்டாலும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. அகதியாக வந்தவன் ஊருக்குப் போக ஏலாது என்பதால் சென்னையில் வைத்துச் சுமதிக்குத் தாலி கட்டினேன். பதினெட்டாம் நாள் நான் ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன், அவள் கொழும்பில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். அவளைக் கூப்பிடுவதற்கு நான் போட்ட விண்ணப்பம் மூன்று வருடமாக மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய குரல் தொலைபேசி அட்டைக்குள் இருந்தது. அட்டை முடிந்தால் குரலும் முடிந்துவிடும். நான் எப்போதும் இரண்டு பேருக்குச் சமைப்பேன், பிறகு இரண்டு பங்கையும் நானே தின்பேன். (அந்தக் காலத்தில் எனக்கு விழுந்த தொப்பைக்கு வெளிநாட்டவர் அலுவலகமே பொறுப்பு.)

கடைசியில் நேரம் குறித்து ஒரு டெர்மின் தந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவேண்டும். அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். அதுவரை பொலிசின் கண்ணில் படக்கூடாது, கோப்பில் ஒரு கீறல் விழக்கூடாது என்று, வாகனமே வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்குப் பணிந்து நின்றேன்.

அதற்கு முந்திய சனிக்கிழமைதான் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா. வாடகை மண்டபத்தின் வாசல் சுவரில் புதிதாக ஒரு பச்சைப் பெட்டி தொங்கியது. நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவி. எங்கள் சனத்தில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், சாரதி லைசென்சுக்காக அந்த மாதம் முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தேன். வகுப்பெடுத்த பெண் சட்டத்தையும் சொல்லித் தந்தார். நல்லெண்ணத்தோடு உதவப் போய் ஏதும் தவறிப்போனாலும் சட்டம் உங்களைக் காக்கும், முடிந்தும் உதவாமல் நின்றால்தான் தண்டனை என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். நம்பவில்லை, அவ்வளவுதான்.

வரவேற்புரை முடியும் முன்பே விழாக் குழுத் தலைவர் சிவராசா அண்ணை விழுந்தார். கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள், ஒரு வாய் சோறில்லாமல் காலையிலிருந்து நாற்காலி அடுக்கியிருந்தார். யாரோ அம்புலன்சுக்கு அடித்தார்கள். அவருடைய மனைவி வசந்தா அக்கா என்னைப் பிடித்தார்.

"தம்பி, நீர்தானே கோர்ஸ் செய்தனீர். ஏதாவது செய்யும்."

ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதுவரை நான் வீரன்தான். மூடியில் கை வைத்தபோது செவ்வாய்க்கிழமை கண்முன்னே வந்து நின்றது. நான் தொட்டு, இவர் செத்துப்போனால்? பொலிஸ், விசாரணை, கோப்பு, கொழும்பு அறையில் சுமதி. நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினேன்: "இவர் தானாகவே விழுந்தார். கருவியைப் பாவிக்கச் சொன்னது சபையோர். கீழே கையொப்பமிட்டோர் சாட்சி."

"அக்கா, பேனை இருக்கோ? என்ரை பேனையில மை முடிஞ்சுபோச்சு. மனைவி எண்டபடியால் நீங்கள் முதல்ல வையுங்கோ."

வேறு சபை என்றால் செருப்படி விழுந்திருக்கும். ஆனால் இருபது வருடமாக நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்து வைத்துப் பழகிய சனம் நாங்கள். வசந்தா அக்கா அழுதபடியே வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. ஒருவர் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். இன்னொருவர், "இதுக்குப் போட்டோ கொப்பி எடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது கையெழுத்தின்போது, வெளியே புகைத்துக்கொண்டு நின்ற மண்டபப் பொறுப்பாளர், ஒரு ஜெர்மன்காரர், உள்ளே வந்தார். வரிசையை விலக்கிக் குனிந்து, அண்ணையின் மூக்கருகே காதை வைத்தார். "மூச்சு இருக்கிறது" என்றார். (வகுப்பில் முதல் பத்து நிமிடத்தில் சொல்லித் தந்தது அது. நான் பார்க்கவேயில்லை.) கால்களைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்தார். கொஞ்சத்தில் அண்ணை கண் திறந்தார். வரிசையைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"என்ன தம்பி, நானும் வைக்கவேணுமோ?"

படுத்தபடியே வாங்கி, வைத்தும் விட்டார்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, பட்டினி மயக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள் என்னவென்று பொறுப்பாளர் கேட்டார். விளங்கப்படுத்தினேன்.

"இந்த நாட்டில் படிவம் கேட்காத வேலை இது ஒன்றுதான். அதற்கும் ஒன்று செய்துவிட்டீர்களே" என்றார்.

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு உண்மையிலேயே நின்றிருந்தால், அந்தப் பன்னிரண்டு கையெழுத்தும் சேர்ந்து அவரைக் கொன்றிருக்கும்.

மறுநாள் காலை சுமதிக்குத் தொலைபேசி எடுத்து, வெட்கம் கெட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். கொழும்புக்குப் போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டதேயில்லை. "சாப்பிட்டீங்களோ", "கடிதம் வந்ததோ" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். நடுச் சிரிப்பில் அட்டை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. மீதிச் சிரிப்பைக் கேட்பதற்காகப் பெற்றோல் நிலையம் வரை மழையில் ஓடி இன்னொரு அட்டை வாங்கினேன். மறுபடி எடுத்தபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்து அதைப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இன்னும் இரண்டு தாள் கேட்டார்கள். அவள் வர மேலும் பதினான்கு மாதம் ஆனது.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கதவு திறந்து சுமதி வந்தாள். மெலிந்திருந்தாள். கையை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"இஞ்சருங்கோ, பேனை கொண்டு வந்தனீங்களோ?"

இப்போதும் நான் அவள் கையைப் பிடித்தால் அதே கேள்விதான். எங்கள் மகள் எழும்பிப்போய்ப் பேனையை எடுத்துக்கொண்டு வருகிறாள்.