புலியாரின் மணிவிழாவும் நடந்துபோன பையும்

ஒரு காட்டில், சிங்கம் உடல்நிலையைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்ள, புலி பொறுப்பேற்றிருந்த காலத்தில், பொன்னுரங்கம் என்றொரு மரநாய் விசேஷ வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விட்டுப் பிழைத்து வந்தது. பந்தலும் நாற்காலியும் எந்தப் புதரிலும் கிடைக்கும். பை எறி விளையாட்டு மட்டும் பொன்னுரங்கத்திடம்தான் இருந்தது.

விளையாட்டு சுலபமானது. சாய்வாக நிறுத்திய ஒரு பலகை. அதன் மேல்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. மக்காச்சோளம் அடைத்துத் தைத்த, கைக்கு அடக்கமான துணிப்பைகள், சிவப்பில் நான்கு, நீலத்தில் நான்கு. தள்ளி நின்று எறிய வேண்டும். ஓட்டைக்குள் விழுந்தால் மூன்று புள்ளி, பலகைமேல் தங்கினால் ஒன்று, புல்லில் விழுந்தால் ஊர்ச் சிரிப்பு. காதுகுத்துக்கு வந்த கரடிகள் பந்தியை மறந்து எறிந்துகொண்டிருந்தன. பேச்சுவார்த்தை முறிந்த இரண்டு காட்டுப்பன்றிச் சம்பந்திகள் இந்தப் பலகை முன்னால்தான் மறுபடி வாய் திறந்து பேசின.

"நம்ம பலகைக்கு யானையும் ஒண்ணுதான், அணிலும் ஒண்ணுதான். ஓட்டை எல்லாருக்கும் ஒரே அளவு" என்று பொன்னுரங்கம் போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் புலியாரின் மணிவிழா வந்தது. விழா ஏற்பாட்டை எடுத்திருந்தது அலமேலு என்ற கழுதைப்புலி. காதில் மாட்டிய மைக்கைக் குளிக்கும்போதும் கழற்றாது. அதுவே நேரில் வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தது.

"பொன்னுரங்கம், உன் விளையாட்டுதான் விழாவோட ஹைலைட். புலியாரே இறங்கி ஆடறார்."

"யாரோட மேடம்?"

"குரங்கு சடகோபனோட."

சடகோபன் கொட்டாவி விட்டுக்கொண்டே எறிந்தாலும் பை ஓட்டைக்குள்தான் போகும். காடே அறிந்த கை அது.

"புலியார் தோத்துட்டா?"

"தோல்வியை ரொம்பப் பெருந்தன்மையா எடுத்துக்குவார். போன விழாவில ஒரு மான்கிட்ட இசை நாற்காலியில தோத்தார். நல்ல மான்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கார். அவ்வளவு மெத்துனு இருந்துச்சாம்."

சொல்லிவிட்டு அலமேலு சிரித்தது. கழுதைப்புலி சிரிப்பதற்குக் காரணம் வேண்டியதில்லை. ஆனாலும் பொன்னுரங்கம் பலகைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டது.

விழா நாளில் புல்வெளியில் பலகையை நிறுத்திவிட்டுப் பைகளை எடுத்து வைத்தபோது, ஒரு சிவப்புப் பை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பொன்னுரங்கம் அழுத்திப் பார்த்தது. பை "ஐயோ" என்றது.

"யாருடா உள்ளே?"

"நான்தான் அண்ணே, எலி மூக்கம்மா. தையல் விட்ட இடத்தில சோளம் தெரிஞ்சுது, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்னு நுழைஞ்சேன். எல்லாம் தின்னு முடிச்சப்புறம் பார்த்தா வெளிய வர முடியல. வயிறு இடிக்குது."

இந்த இடத்தில் பேராசையைப் பற்றி ஒரு நீதி வந்திருக்க வேண்டும். அதற்குள் மேளம் வந்துவிட்டது. மேளத்துக்குப் பின்னால் புலியாரும் வந்துவிட்டார். பொன்னுரங்கம் அந்தப் பையை மற்றப் பைகளுக்கு அடியில் திணித்து, "மூச்சு விட்டே, ரெண்டு பேரும் காலி" என்று கிசுகிசுத்தது. சிவப்பைச் சடகோபனுக்குக் கொடுத்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்பது அதன் கணக்கு.

"ஆட்சியில இருக்கறவருக்குச் சிவப்பு!" என்று அலமேலு மைக்கில் அறிவித்து, சிவப்புப் பைகளை அள்ளிப் புலியாரிடம் நீட்டியது.

நடுவராக நின்றது கொக்கு தண்டபாணி. ஒற்றைக் காலில் நின்றால் உலகமே நேராகத் தெரியும் என்று நம்புகிற கொக்கு.

சடகோபன் முதலில் எறிந்தது. தோற்க வேண்டும் என்றுதான் வந்திருந்தது, பாவம். ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. பை ஓட்டைக்குள் விழுந்தது. புலியார் கைதட்டிவிட்டு, சடகோபனின் தொடையை அன்போடு பார்த்தார். வெலவெலத்துப்போன சடகோபன் அடுத்த பையை முதுகுக்குப் பின்னால் வீசியது. அது மாமரக் கிளையில் பட்டுத் திரும்பி வந்து ஓட்டைக்குள் இறங்கியது. மிச்சம் இரண்டையும் சடகோபன் தன் காலடியிலேயே போட்டுவிட்டு, தோள் சுளுக்கிக்கொண்டதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டது.

புலியார் எறிந்த முதல் பை சாம்பார் அண்டாவில் விழுந்தது. இரண்டாவது மேளக்காரக் கரடியின் முகத்தில் அப்பியது. மூன்றாவது புலியம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான்காவது பையைக் கையில் எடுத்ததும் புலியார் ஒரு கணம் நின்றார். மூக்கைச் சுளித்தார். புலியார் எறிந்தார். பை பலகைக்கு முன்னாலேயே புல்லில் பொத்தென்று விழுந்தது. ஆத்திரத்தில் அவர் ஓர் உறுமல் உறுமினார்.

உறுமல் கேட்ட பயத்தில் மூக்கம்மாவின் நாலு காலும் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. பயந்த எலிக்கு ஓட்டையைத் தவிர வேறு ஊர் தெரியாது. பை எழுந்து நின்றது. அசைந்து அசைந்து பலகைமேல் ஏறியது. பாதியில் கொஞ்சம் வழுக்கியது, மறுபடி ஏறியது. ஓட்டை விளிம்பில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே குதித்தது.

சாம்பார் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்பின்!" என்று அலமேலு கத்தியது. "புலியார் கையில என்ன ஒரு ஸ்பின்!"

"ஸ்பின்! ஸ்பின்!" என்றது கூட்டம். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது சடகோபன்தான்.

"பை நடந்துபோச்சே" என்றது தண்டபாணி.

"ஸ்பின்னுன்னா அப்படித்தான் சார்."

"அதுக்கு நாலு கால் இருந்துச்சே!"

தண்டபாணிக்கு இலவசக் கண் முகாமில் இடம் கிடைத்திருப்பதாக அப்போதே அறிவிப்பு வந்தது. இரண்டு ஓநாய்கள் மரியாதையாக அழைத்துப் போயின. முகாம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. புலியாரின் மற்ற மூன்று பைகளும் செல்லாது என்று அலமேலு தீர்ப்புச் சொல்லி, அந்த ஒரே பையால் மறுபடி எறியச் சொன்னது. அவர் எந்தத் திசையில் வீசினாலும் பை எழுந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, பலகையைத் தேடிப் போனது. கோப்பை புலியாருக்கே.

கூட்டம் பந்திக்குக் கலைந்ததும் புலியார் பொன்னுரங்கத்தைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கையில் அந்தப் பை இருந்தது. காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பொன்னுரங்கம் வாயைத் திறந்தது.

"ஐயா, அந்தப் பைக்குள்ள..."

"எலி இருக்கு."

"ஐயாவுக்கு எப்படி..."

"நான் என்ன ஜாதிப்பா? பூனை வம்சம். கையில எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு." அவர் பையை மெல்ல அழுத்தினார். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பொன்னுரங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ஒண்ணுதானா இருக்கு?" என்று கேட்டார் புலியார். "நாலு பை ஆச்சே. இன்னும் மூணு வேணும். அடுத்த மாசம் பக்கத்துக் காட்டுச் சிறுத்தை விருந்துக்கு வருது."

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தது. ஓட்டை எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொல்லத்தான் வாயெடுத்தது. "நாலும் தயாரா இருக்கும் ஐயா" என்றுதான் சொல் வந்தது.

மூக்கம்மா ஊருக்குப் போய்ச் சித்தப்பா பெரியப்பா வகையறாவையெல்லாம் அழைத்து வந்தது. மூன்று வேளையும் சோளம், உறங்கத் துணிப்பை, வாரம் ஒரு விசேஷம். இதைவிட நல்ல உத்தியோகம் எலி ஜாதிக்கு யார் கொடுப்பார்? கரடிகளும் காட்டுப்பன்றிகளும் இப்போது நடக்கிற பைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றன. சோளப் பை இருக்கிறது என்று பொன்னுரங்கம் சொன்னால், "அது நாமளே எறியற பையாச்சே?" என்று முகம் சுளித்தன. கல்யாண வீடுகளில் தோற்கிறவர் என்று யாருமே இல்லாமல் போனதால், காட்டில் ஒற்றுமை ஓங்கியது.

ஒரு மத்தியானம், எலிகள் எல்லாம் தங்கள் சொந்தத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தபோது, பொன்னுரங்கம் பொழுது போகாமல் மூலையில் கிடந்த பழைய சோளப் பை ஒன்றை எடுத்து எறிந்து பார்த்தது. பை பலகைக்கு எட்டாமல் புல்லில் விழுந்தது.

பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றது. பை அப்படியே கிடந்தது.

"உம், நட" என்றது பொன்னுரங்கம்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அதற்கு வந்ததே கோபம்! கிட்டே போய்ப் பையை ஓர் உதை உதைத்து, "திமிரப் பாரு! சோளம்னா அவ்வளவு பெரிய ஆளா?" என்று திட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

நீதி: புத்தியுள்ள புலி எலியைத் தின்னாது, எறியும்.