மகரந்தக்காரர் தும்மிய ஞாயிறு

இனிமேல் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று மகரந்தக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் தீர்மானித்தார். தீர்மானம் பெரியது, காரணம் அதைவிடப் பெரியது. மனைவியின் அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு வறண்ட மனையை வாங்கி, அதைத் தோப்பாக்கியே தீருவேன் என்று கிளம்பியிருந்தார். அறுபது கன்றுக்கு அறுபது குழி. போன ஞாயிறு மகரந்தக்காரர் ஐந்து குழி தோண்டினார். மண்ணா அது? பாறைக்கு மண் என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று நாள் அவரால் குனிய முடியவில்லை. நான்காம் நாள் எப்படியோ குனிந்துவிட்டார், நிமிர முடியவில்லை.

அவருடைய உத்தியோகமும் குனிகிற உத்தியோகம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து குனிவது. மழை குறைந்த அந்த ஊரில் வெயில் ஏறத் தொடங்கினால் கருவேலமும் காட்டுப்புல்லும் போட்டி போட்டுக்கொண்டு பூக்கும். பாதி ஊர் தும்மும். அலுவலக மொட்டைமாடியில் ஒரு கருவி காற்றை உறிஞ்சி, பசை தடவிய கண்ணாடித் துண்டில் மகரந்தத்தை ஒட்டவைக்கும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, இன்றைய அளவு இவ்வளவு என்று அவர் எழுதிக் கொடுப்பார். மத்தியானம் ரேடியோவில் சொல்வார்கள். நூறைத் தாண்டினால் ஒவ்வாமைக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை அவர் எண்ணியது வெறும் பதினான்கு. முந்தின நாள் தப்பித் தவறிப் பெய்த தூறலில் காற்று குளித்துவிட்டிருந்தது. பதினான்கு என்றே நேர்மையாக எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார். அதற்குத்தான் வீடு இருக்கிறதே!

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்று தும்மல் போட்டார். அலுவலகக் கழிவறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்த தும்மல்கள்.

"என்னங்க, சளியா?" என்றாள் மனைவி.

"சளி இல்லம்மா. அலர்ஜி. மகரந்த அலர்ஜி."

"உங்களுக்கா? எப்பலேர்ந்து?"

"இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து."

"ரேடியோல பதினாலுதான்னு சொன்னாங்களே?"

"அது காலையில எடுத்தது. அப்புறம் காத்து திசை திரும்பிடுச்சு. இப்ப நூத்தி அறுபத்திரண்டு!"

மனைவி ஜன்னலருகே போய்க் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தாள்.

"நூத்தி அறுபத்திரண்டா?"

"ரெண்டு மூணு கூடக் குறைய இருக்கலாம்."

"அடேங்கப்பா! அப்ப நாளைக்கு நீங்க வெளியில தலையே காட்டக்கூடாது. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"மச்சான் தப்பா நினைச்சுக்கப் போறார்..." என்று மரியாதைக்கு இழுத்தார் மகரந்தக்காரர்.

"உங்க உடம்பைவிட அவர் பெருசா?"

இருபது வருஷத்தில் வாதாடாமலே ஜெயித்த முதல் வழக்கு. அவர் குழந்தை மாதிரி தூங்கினார்.

ஞாயிறு காலை மனைவி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பித் தயாராக நின்றாள்.

"ஒரு சந்தேகங்க. காத்துல அவ்வளவு இருந்தா, வீட்டுக்குள்ளயும் வந்திருக்குமில்ல?"

"வராம? தாராளமா வந்திருக்கும்."

"எங்கெல்லாம் ஒட்டும்?"

துறை சம்பந்தமான கேள்வி. அதுவும் மனைவி கேட்கிறாள். மகரந்தக்காரர் உற்சாகமாகிவிட்டார். "திரைச்சீலையில ஒட்டும். மெத்தையில இறங்கும். ஃபேன் இறக்கையில படியும். பரண்ல வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும்..."

அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தார்.

"நாலு. அலர்ஜியை வெச்சுக்கிட்டு அந்தத் தூசுக்குள்ள உட்காரலாமா நீங்க? மூக்குல ஒரு துணியைக் கட்டிக்கிட்டு நிதானமா துடைங்க. அவசரமே இல்ல. நான் சாயங்காலம்தான் வருவேன்."

வாளி, துடைப்பம், ஏணி எல்லாம் கூடத்தில் வரிசையாக நின்றன.

திரைச்சீலைகளை ஊறவைத்தார். மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் அடித்தார். அது திருப்பி அடித்தது. ஒரு தூசி மண்டலமே முகத்தில் வந்து விழுந்தது. ஃபேனைத் துடைத்தார். பரணில் ஏறியபோது மணி பன்னிரண்டு. ஐந்து குழி இந்நேரம் முடிந்திருக்கும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதைத் தும்மலோடு விழுங்கினார்.

நாலு மணிக்குத் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"வீட்டம்மாவோட தும்மல் மாத்திரை சார். ஸ்டாக் இல்லாம இருந்துச்சு, இன்னைக்குத்தான் வந்தது."

"யாரோடது?"

"உங்க வீட்டம்மாவோடதுதான். பன்னெண்டு வருஷமா சீசன் தவறாம எங்கிட்டதானே வாங்குறாங்க? மகரந்தமும் ஆகாது, தூசும் ஆகாது. நேத்து சாயங்காலம்கூட வந்தாங்க. அவசரமில்ல, காத்து சுத்தமா இருக்கு, என் மூக்கு சொல்லுதுன்னாங்க. நீங்க எண்ணினதும் பதினாலு. எப்படி சார், அப்படியே ஒத்துப்போகுது!"

அவர் போனபின் மகரந்தக்காரர் ஏணியின் அடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் காலம் வந்தால் அவள் கண் சிவந்திருக்கும். சீரியல் பார்த்து அழுகிறாள் என்று நினைத்து, பெருங்கருணையோடு கேபிளைத் துண்டித்தவர் அவர். சமையலறையில் தும்மல் கேட்டால், மிளகாய் வறுக்கிறாள், இன்றைக்குச் சாப்பாடு காரமாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டவர். ஊரார் மூக்குக்காக லட்சக்கணக்கில் எண்ணியவர், வீட்டுக்காரியை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது அவள் வந்தாள். பளிச்சென்றிருந்த வீட்டைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த பொட்டலத்தையும் பார்த்தாள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"பகல் பூரா அதையே எண்ணிட்டு வர்றீங்க. வீட்டுலயும் அதே பேச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நான் நேத்து சொன்னது பொய்ம்மா."

"தெரியுமே."

"குழிக்குப் பயந்துதான்..."

"எந்தக் குழி? வியாழக்கிழமையே மிஷின் வெச்சு எல்லாத்தையும் தோண்டி முடிச்சுட்டார் அண்ணன். இன்னைக்கு நம்மளைக் கூப்பிட்டது சாப்பாட்டுக்கு."

"அதை நேத்தே சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்க தும்மிட்டீங்க."

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து நின்று, உண்மையாகவே நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்: "இனிமே தூசு வேலை எதையும் நீ தொடக்கூடாது. எல்லாம் என் பொறுப்பு."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"நல்லவேளை," என்றாள் அவள் நிம்மதியாக. "எங்க அண்ணிக்கும் தூசு ஆகாதுங்க. அடுத்த ஞாயிறு அவங்க வீட்டுப் பரணுக்கு நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."