உபயம் பெற்ற கேமிங் கம்ப்யூட்டர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, சென்ற மாதம் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை உருவாக்கியது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கத் துறைமுக அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மேலத்தெரு நலமன்றத்தின் செயலாளர். நடந்ததை நடந்தபடி 'பதிவு' செய்வது என் கடமை. ஜீவமணி என்கிற என் பெயர் இதில் ஓரிரு இடங்களில் வரும். அது தற்செயல்.

விஷயம் விஜிலாவிடம் தொடங்கியது. விசைப்படகுக்குப் போகிற ஆன்டனியின் மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். கம்ப்யூட்டரில் துப்பாக்கி பிடித்து ஓடுகிற ஆட்டம் ஒன்றில், அவளும் வெளியூர்த் தோழிகள் மூன்று பேரும் 'சுறாப்படை' என்று அணி சேர்ந்து, அவரவர் ஊரிலிருந்தே ஆடி, இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள். ஜெயிக்கிற அணிக்கு ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் பரிசு. தோழிகளிடம் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. விஜிலா வாடகைக்கு உட்கார்ந்து ஆடிய பிரவுசிங் சென்டரோ, திடீரென்று புரோட்டாக் கடையாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

"டியூஷன் எடுத்துச் சேத்து வச்சதுல பிராசசரும் மதர்போர்டும் வாங்கிட்டேன் மாமா," என்றாள் என்னிடம். "மிச்சத்துக்கு மன்றம் ஒதவணும். ஆட்டம் முடிஞ்சதும் மிஷின மன்றத்துலயே வச்சிக்கிடுங்க. தெருப் பிள்ளையளுக்கு ஆவும்."

அவசரக் கூட்டம் என்பதால் இரண்டே வாரத்தில் கூடினோம். தலைவர், கருப்பட்டி மொத்த வியாபாரி மந்திரமூர்த்தி அண்ணாச்சி, மன்ற நிதியின் இருப்பை வாசித்தார். வாசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அது அப்படியே கிராபிக்ஸ் கார்டுக்கு இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் விஜிலா. "ஆட்டம் ஓடுறதே அதுலதான். அது இல்லன்னா படம் வரும், நகராது. மத்ததெல்லாம் பழசு கெடச்சாலும் போதும்."

"மத்ததுக்கு எதுக்குளா கவலப்படுத? உபயம் புடிப்போம்," என்றார் அண்ணாச்சி.

உபயம் என்பது நம் நாகரிகத்தின் உச்சி. கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால் அதன்மேலேயே கொடுத்தவர் பெயரை எழுதுவோம். பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். மாதா கோயில் பெஞ்சிலும் அப்படித்தான். சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் கொடுத்தவரின் பெயர் பதிந்து வரும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெருவில் மதவேறுபாடே கிடையாது.

முதலில் முன்வந்தவர் படகு முதலாளி பர்னபாஸ். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டியை அவர் உபயமாகத் தந்தார். உள்ளே எரிகிற விளக்குகளை வெளியிலிருந்து பார்ப்பதற்காக அந்தக் கண்ணாடி என்று விஜிலா விளக்கினாள். பர்னபாஸ் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, படகுக்குப் பெயர் எழுதுகிறவரைக் கூட்டிவந்து, படகுக்கு அடிக்கிற பெயிண்டாலேயே அந்தக் கண்ணாடி நிறைய 'பர்னபாஸ் அன் சன்ஸ்' என்று எழுதவைத்தார். கடல் தண்ணீரில் கிடந்தாலும் அழியாத பெயிண்ட். கம்ப்யூட்டர் ஒருவேளை கடலில் விழுந்தாலும் யாருடையது என்பதில் இனிக் குழப்பம் வராது.

மானிட்டர் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் உபயம். திரையின் கீழ்ப்பகுதியில் கடைப்பெயரும் போன் நம்பரும் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டன.

"ஓரத்துச் சட்டத்துல ஒட்டலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள் விஜிலா.

"சட்டத்த யாருளா பாக்கா? எல்லாரும் திரையத்தானே பாக்காவ."

"அந்த எடத்துலதான் குண்டு எத்தன மிச்சம் இருக்குன்னு காட்டும்."

"குண்டு தீந்தா சுடாது. அப்பம் தெரிஞ்சிட்டுப் போவுது," என்றார் அண்ணாச்சி. தொழில்நுட்பத்தை இவ்வளவு எளிமையாக விளக்கியவரை நான் பார்த்ததில்லை.

கீபோர்டு, தையல்கடை உமாராணியின் உபயம். கீபோர்டில் பெயர் எழுத இடமில்லையே என்று எல்லோரும் திகைத்தபோது அவரே வழி கண்டுபிடித்தார். ஒரு பொத்தானுக்கு ஓர் எழுத்தாக, 'உமாராணி லேடீஸ் டெய்லரிங், பிளவுஸ் அவசரத்துக்குத் தைத்துத் தரப்படும்' என்று ஒட்டிவிட்டார். அப்புறம் ஆங்கில எழுத்து எது எங்கே இருக்கிறது என்பது விஜிலாவின் 'ஞாபகசக்தியை' வளர்க்கும் பயிற்சியாக அமைந்தது.

ராம் என்கிற சின்னப் பலகைக்குத்தான் கொஞ்சம் தயக்கம். மருந்துக்கடை நேசக்குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எரியுமா?"

"கலர் கலரா எரியும் அண்ணே."

"அப்பம் என் பேர அதுல எழுது."

எழுதி மாட்டிய பிறகுதான், பர்னபாஸின் பெயர் நேசக்குமாரின் பெயரை மறைக்கிறது என்று தெரிந்தது. இருவரும் சட்டையைப் பிடிக்காத குறை. நான் தலையிட்டு, பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் 'பர்னபாஸ்' என்பதன் முதல் எழுத்தான 'ப'வை அகலமாக்கி, அதன் இரண்டு சுவருக்கும் நடுவில் நேசக்குமார் தெரியும்படி சமரசம் செய்துவைத்தேன். உலக நாடுகள் எங்களிடம் வந்து கற்றுக்கொள்ளலாம்.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில், ஒரு பெரிய குறை என் கண்ணில் பட்டது. இத்தனை பேர் இவ்வளவு கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் 'கௌரவிக்க' வேண்டாமா? பந்தல், மைக் செட், பொன்னாடை, இனிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மன்றச் சுவரில் ஒரு சலவைக்கல். உபயதாரர்கள் பெயர் பொறித்த கல். இதை நான்தான் முன்மொழிந்தேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. செலவைக் கணக்குப் பார்த்தபோது, ஆண்டவன் கிருபை, மன்ற நிதி சரியாக அதற்குப் போதுமானதாக இருந்தது.

"அது கிராபிக்ஸ் கார்டுக்குன்னு வச்சதுல்லா," என்றாள் விஜிலா.

"கார்டையும் உபயம் புடிச்சிருவோம்ளா," என்றார் அண்ணாச்சி. "யாரு எடுத்துக்கிடுதிய?"

எல்லோரும் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் உமாராணி கேட்டார். "அது எங்கன இருக்கும்?"

"பெட்டிக்குள்ள அத்த."

"கண்ணாடி வழியாத் தெரியுமா?"

"பர்னபாஸ் மாமா பேருக்கு நேர் பின்னால."

"யாரும் பாக்காத எடத்துல பேரப் போட்டா அதுக்குப் பேரு உபயமாளா? காச கெணத்துல போட்ட மாரில்லா," என்றார் உமாராணி.

விஜிலா சுற்றிவரப் பார்த்தாள். "நம்ம ஊருல முத்து எங்கன இருந்துச்சு அண்ணாச்சி? சிப்பிக்கு உள்ளதான இருந்துச்சு?"

அண்ணாச்சி தாடையைத் தடவி யோசித்தார். "அதான்ளா இப்பம் முத்துக்குளிக்க ஆளு இல்ல. முத்துல பேரு எழுத முடியாது பாத்தியா."

கார்டு விஷயம் 'பின்னர் கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருமனதில் விஜிலா சேர்த்தி இல்லை. அவள் உறுப்பினர் அல்ல. இரவல் கார்டுக்காக அந்த வாரம் முழுக்க அவள் ஊரெல்லாம் அலைந்தாள். கிடைக்கவில்லை. கேட்டுப் பார்க்க அப்பாவும் கரையில் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கல்வெட்டு வேலை தலைக்கு மேல் இருந்தது.

கல் அருமையாக வந்தது. 'உபயம்' என்று நடுவில் பெரிய எழுத்து. அதன் கீழ் வரிசையாகப் பெயர்கள். முன்மொழிந்தவன் என்ற முறையில் என் பெயர் முதலில். உச்சியில் பிள்ளையார் சுழி போடுவதா சிலுவை போடுவதா என்பது கடைசிவரை முடிவாகாததால், அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டோம்.

இறுதிச் சுற்று நடக்கிற ஞாயிறு மாலையே திறப்பு விழா. ரிப்பன் வெட்டி, பொத்தானை அமுக்கியதும் பெட்டி சிவப்பும் பச்சையும் நீலமுமாக எரிந்தது. 'ப'வுக்குள்ளிருந்து நேசக்குமார் மினுங்கினார். தெருவே கைதட்டியது. ஆட்டத்தின் சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கரில் இணைக்கச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. எல்லோரும் கேட்க வேண்டுமல்லவா.

ஆட்டம் தொடங்கியது. திரையில் விஜிலாவின் ஆள் ஒரு காலைத் தூக்கினான். சிறிது நேரம் கழித்து அதைக் கீழே வைத்தான். தேர் இழுக்கிறபோது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் கொடுத்து நகர்த்துவோமே, அந்தப் பதவிசு. இதுதான் ஆட்டத்தின் அழகு போலிருக்கிறது என்று நாங்கள் மறுபடி கைதட்டினோம்.

"விஜி, எங்கடி நிக்கிற?" என்று தோழி ஒருத்தி கத்துவது குழாய் ஸ்பீக்கரில் மாதா கோயில் வரை கேட்டது. "ஓடி வாடி. சுத்திட்டாங்க. ஏன்டி நின்னுட்ட?"

"ஓடிட்டுத்தான்டி இருக்கேன்," என்றாள் விஜிலா.

அவள் தேடிய பொத்தானில் 'பிளவுஸ்' என்பதன் 'பி' இருந்தது. குண்டுக் கணக்கு தெரிய வேண்டிய இடத்தில் கருப்பட்டிக் கடை போன் நம்பர் இருந்தது. இனிப்பு விநியோகம் முடிவதற்குள் சுறாப்படை முடிந்துவிட்டது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு விஜிலா அழுதாள். மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. நாங்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தத் தொடங்கினோம்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "மாமா, எல்லாத்துக்கும் உபயம் பேரு போட்டிருக்கீய. ஒண்ணுக்கு மட்டும் விட்டுப் போச்சு. நான் எழுதிரட்டா?"

விட்டுப்போன உபயம் என்றால் மன்றத்துக்கு இழுக்கு. தாராளமாக எழுதச் சொன்னேன். மேடைக்கடியில் மிஞ்சிக் கிடந்த படகுப் பெயிண்டையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, சுழியும் சிலுவையும் இல்லாமல் காலியாக இருந்த இடத்தில் நிதானமாக எழுதினாள். இப்போது கல் இப்படி இருக்கிறது: 'சுறாப்படையின் தோல்வி. உபயம்:' அதன் கீழே நாங்கள்.

இந்த முறை அவசரக் கூட்டம் மறுநாளே கூடியது. பெயிண்டை அழிக்க முடியாது. கல்லைப் பெயர்த்தெடுக்கலாம், எடுத்தால் பெயர்களும் போய்விடும். அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"நம்ம பேருல பிழை ஒண்ணும் இல்லியே?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்பம் இருந்துட்டுப் போட்டும்."

கல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. இதுவரை ஒருவர்கூட வந்து தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. முதல் பெயருக்குரியவரும்தான்.