வலது கையால் ஒப்பமிடுக

அறுந்த நரம்பை வளர வைப்பதுதான் பெரிய சாதனை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், உலகம்! அது வளரலாமா, கூடாதா என்று தீர்மானிப்பதல்லவா சாதனை? அந்தத் திருப்பணியைச் செய்வது எங்கள் ஆராய்ச்சிக் கழகத்தின் அனுமதிக் குழு. அதன் செயலாளர் அடியேன்.

எங்கள் விஞ்ஞானி அம்மையார் ஆறு வருடமாக எலிகளின் கால் நரம்பை வெட்டினார், மருந்து போட்டார், முடங்கிய எலிகள் எழுந்து ஓடின. ஓடுவது எலிகளின் இயல்புதானே என்று குழு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்நிலையில் எங்கள் கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தோம், 'வெளிப்படைத்தன்மை'க்காக. பொருத்த வந்த கண்ணாடிக்காரரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிப் பலகை நழுவி, வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. மருத்துவமனையில் தைத்தார்கள். புண் ஆறிற்று, விரல்கள்தான் அசையவில்லை. சுவர் மிக அழகாக அமைந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

விஞ்ஞானி என் மேசைக்கு ஓடி வந்தார்.

"சார், இவருக்கு என் மருந்தைக் குடுத்துப் பாக்கலாம். ஆனா நாள் கம்மி. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு வருஷத்துக்குள்ள விரல் தசைக்குப் போய்ச் சேரலைன்னா அது வத்திடும். அப்புறம் நரம்பு வந்தும் புண்ணியமில்ல."

"அவசரப்படாதீங்கம்மா" என்றேன். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது எங்கள் கோப்புகள் கனவிலும் காணாத வேகம்.

நோயாளியின் சம்மதப் படிவம் வேண்டும். கண்ணாடிக்காரர் மனைவியோடு வந்தார். பேனாவை இடது கையில் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையோடு ஒப்பிட்டேன்.

"ஒத்துப்போகலையே!"

"அது வலது கையில போட்டது சார்."

"அப்ப வலது கையிலயே போடுங்க."

அவர் மனைவி குறுக்கிட்டார். "அந்தக் கை எழுதுச்சுன்னா நாங்க ஏன் சார் இங்க வந்து நிக்கிறோம்?"

விதண்டாவாதம்.

"கைநாட்டு வெச்சிடட்டுமா சார்?"

"அது படிக்காதவங்களுக்கும்மா. இவரு படிச்சவராச்சே."

"அப்ப படிச்சது தப்புங்களா?"

இந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

விவகாரம் குழுவுக்குப் போனது. கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆலோசித்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் முடிச்சை அவிழ்த்தார்: "கை குணமானதும் கையெழுத்து வாங்குவோம். வாங்கினதும் சிகிச்சைக்கு அனுமதி குடுப்போம்." எல்லோரும் மேசையைத் தட்டினோம்.

"குணமானப்புறம் மருந்து எதுக்குங்க?" என்றார் விஞ்ஞானி.

"நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்" என்றார் தலைவர்.

துணைக்குழு அமைந்தது. துணைக்குழுவுக்கு விதிமுறை எழுத இன்னொரு குழு அமைந்தது. விஞ்ஞானி வாராவாரம் கண்ணாடிக்காரரை அழைத்து வந்து நின்றார். "இங்க பாருங்க சார், கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற மேடு வத்திப் பள்ளமாயிட்டே வருது. இந்தக் கையை வெச்சுத்தான் அந்தக் குடும்பம் பொழைக்குது." உடலுறுப்புகளை நேரில் பெற்றுக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. எழுத்து மூலம் தரச் சொன்னேன்.

பதினான்காம் மாதம் சரித்திரம் படைத்தோம். 'இடது கை ஒப்பமும் ஏற்கப்படும்' என்று விதி திருத்தப்பட்டது! விஞ்ஞானியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்காரரின் கட்டைவிரல் அடியை அழுத்திப் பார்த்தார். பிறகு மருந்துப் புட்டியைக் கொண்டுபோய் மறுபடி குளிர்பெட்டியில் வைத்தார்.

"தசை போயிடுச்சு சார். இனி வேண்டாம்."

வேண்டாமென்றால் எப்படி? வெளியான உத்தரவு உரியவரிடம் சேர வேண்டாமா? நடைவழியில் மனைவியோடு நின்ற கண்ணாடிக்காரரிடம் நானே நேரில் போய்க் கடிதத்தை நீட்டினேன். மனிதர் இடது கையை நீட்டினார்.

"நல்ல விஷயத்தை இடது கையாலயா வாங்குவாங்க?" என்று அன்போடு கடிந்துகொண்டேன்.

அவர் மனைவி கணவரின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, என் முன்னால் பிடித்தார்.

"வைங்க சார்."

வைத்தேன். கடிதம் நழுவித் தரையில் விழுந்தது.

'நேரில் வழங்கப்பட்டது' என்று எழுதி, வலது கையால் ஒப்பமிட்டு, கோப்பை முடித்தேன்.